பீலித் தண்ணீருக்கு யாரிடம் மனுக் கொடுப்பது?

டிசம்பர் முடிவதற்குள் பிரதேச சபைகள் அடுத்த ஆண்டுப் பாதீட்டை நிறைவேற்றியாக வேண்டும். அதையொட்டிப் பூண்டுலோயாப் பக்கமிருந்து வரும் கடிதங்கள் கேட்பது ஒன்றைத்தான்: லயத்துப் பீலிக்குத் தாங்கி கேட்டுத் தோட்டத் துரையிடம் போவதா, கொத்மலை பிரதேச சபைக்கா, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கா?

நீர், சுகாதாரம், கழிவகற்றல், சுற்றாடல் எல்லாம் 'ஒருங்கிணைந்து' செயற்படுவதாக அதிகாரிகள் சொல்கிறார்கள். பெரும்பாலும் அதன் பொருள், ஒரு கடிதத்தின் பிரதி நான்கு அலுவலகங்களுக்குப் போகிறது என்பதே.

பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்று தேயிலை மலைக்குள் இருக்கிறது. மேலே அடிக்கும் மருந்து மழையோடு இறங்கும். அது தோட்டத்தின் பொறுப்பு. குழாய் லயத்துக் காணுவோரமாக வருகிறது. கக்கூஸ் குழிக் கசிவும் அதே காணுவில்தான். இரவில் தண்ணீரை அடைத்ததும் குழாயில் அழுத்தம் இறங்குகிறது. எங்காவது வெடிப்பிருந்தால் காணுத் தண்ணீரைக் குழாயே உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் முதல் குடம் பிடிப்பவருக்கு அதுதான். கக்கூஸ் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வேலை, குழாய் சமூக நீர் வழங்கல் திணைக்களத்தின் வேலை, மாதிரி எடுப்பது பொதுச் சுகாதார பரிசோதகர். அந்த வெடிப்பு யாருடையது?

பிரதேச சபையுடையது என்று சொல்ல முடியாதபடி நெடுங்காலம் தடுத்தது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. தோட்டத்து மக்கள் வாக்களிக்கலாம், அவர்கள் தெரிவுசெய்த சபை அவர்கள் லயத்துக்குச் செலவழிக்க முடியாது. 2018இல் பிரிவைத் திருத்தினார்கள். பெரிய வெற்றி என்று மாலையும் போட்டுக்கொண்டார்கள். ஆனால் தோட்ட நிர்வாகத்துடன் கலந்தாலோசித்தே செய்ய வேண்டும் என்ற முடிச்சு உள்ளே இருக்கிறது. காணி அரசுடையது, கம்பனிகள் 1992 முதல் 53 வருடக் குத்தகைக்காரர்கள். அரசாங்கக் காணியில் மக்கள் சபை தாங்கி கட்ட, குத்தகைக்காரரோடு பேச வேண்டும். கலந்தாலோசிப்பது சம்மதம் வாங்குவதல்ல. இருந்தாலும் நிர்வாகம் பதிலே போடாவிட்டால் கோப்பு அங்கேயே படுத்துக்கொள்ளும். தடுத்தார் என்று யாரையும் குறை சொல்லவும் முடியாது. போதாததற்கு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை மக்கள் தெரிவுசெய்த உறுப்பினரே இல்லை.

மனுவுக்கு முன், தண்ணீரைப் பற்றிய சில கேள்விகள். குளோரின் வாடை வந்தால் தண்ணீர் கெட்டுவிட்டதா? இல்லை, குழாய் முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருப்பதே நல்லது.

தெளிந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் வேண்டுமா? ஆம்; 100 மில்லிலீற்றரில் ஒரு ஈ.கோலிகூட இருக்கக் கூடாது என்கிறது இலங்கைத் தரம், அது கண்ணுக்குத் தெரியாது.

2030க்குள் எல்லோருக்கும் பாதுகாப்பான தண்ணீர்? ஐ.நா. இலக்கு, கேட்டு வழக்காட முடியாது.

மனு யாருக்கு? பிரதேச சபைத் தவிசாளருக்கு, 33ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில். பிரதி தோட்ட நிர்வாகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும். தோட்டத்துக்குக் கலந்தாலோசனைக் கடிதம் எந்தத் தேதியில் போனது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும்.