மஞ்சள் கார்டில் வராத சத்து

வண்டிப்பெரியார் எஸ்டேட் லயங்களில் வேலையை விட்டு நின்ற பாட்டிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். காலையில் கட்டன் சாயா, இரண்டு பிஸ்கட். மதியம் சோறும் ரசமும். ராத்திரி கஞ்சி, இல்லையென்றால் கப்பை (மரவள்ளிக் கிழங்கு). வயிறு நிறைந்துவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை. படி ஏறும்போது முட்டி மடங்குவது, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாதது, கீழே விழுந்த புண் ஆறாமல் கிடப்பது எல்லாம் "வயசாயிருச்சு" என்ற ஒரே கணக்கில் போய்விடுகின்றன.

புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்பதை நம் உடலால் தயாரிக்க முடியாது; சாப்பாட்டில்தான் வர வேண்டும். அரிசியில் லைசின் குறைவு. பயறில் அது தாராளம். பயறில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் உண்டு. கஞ்சியும் பயறும் சேர்ந்தால் ஒன்பதும் அமைந்துவிடும். கப்பையிலோ புரதம் பேருக்குத்தான். வயதானவர்களின் தசை அவ்வளவு எளிதில் புரதத்தை எடுத்துக்கொள்ளாது என்பதால், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று சொன்னது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் எல்லாப் பெரியவர்களுக்கும் பொதுவாக வைத்த அளவு 0.83 கிராம்.

50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 50 கிராமாவது வேண்டும். நாளைக்கு 300 கிராம் அரிசி பொங்கினாலும் அதில் கிடைப்பது 22 கிராம் அளவில். மீதிக்கு 50 கிராம் சிறுபயறு (12), ஒரு முட்டை (6), ஒரு டம்ளர் பால் (6), ஒரு கைப்பிடி நிலக்கடலை (7). பல் இல்லாதவர்களுக்குப் பயறைக் குழைய வேகவைக்கலாம், கடலையைப் பொடிக்கலாம். மத்தி மலிவாக வருகிற நாளில் முட்டைகூட வேண்டாம். இதையெல்லாம் ராத்திரிக்கென்று ஒதுக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள்.

இதில் ரேஷன் கடை தருவது அரிசி வரைக்கும்தான். கேரளத்தில் பரம ஏழைக் குடும்பங்களுக்கான மஞ்சள் ரேஷன் கார்டுக்கு மாதம் 35 கிலோ, அதுவும் அரிசியும் கோதுமையும். பென்ஷன் கிடைக்காத 65 வயதுக்காரர்களுக்கான அன்னபூர்ணா திட்டத்திலும் 10 கிலோ அரிசிதான். பயறு சப்ளைகோ மாவேலி ஸ்டோரில் மானிய விலைக்குக் கிடைக்கும். கார்டை எடுத்துப் போங்கள். ரேஷனில் அளவு குறைந்தால் 1967க்குப் புகார் சொல்லலாம்.

பயறுக்கும் முட்டைக்கும் காசு? பலருக்கு அது கம்பெனியிடம் நிற்கிறது. பீர்மேடு வட்டாரத்தில் 2000 வாக்கில் கைவிடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர்கள் கிராஜுவிட்டிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பாக்கியும் சத்துக்குறைவுக் கணக்கில்தான் சேரும். ஐந்து வருட சர்வீஸ் முடிந்திருந்தால், வருடத்துக்கு 15 நாள் கூலி. நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்தாலே 30 வருடத்துக்கு 1,80,000 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. தராவிட்டால் தொழிலாளர் துறையிடம் மனுக் கொடுக்கலாம். உத்தரவு வந்தபின்னும் இழுத்தடித்தால் கலெக்டர் மூலம் வரிப்பாக்கிபோல வசூலிக்கச் சட்டம் வழிசெய்கிறது. தொழிலாளி இறந்துபோனால் வாரிசுக்கு அந்த உரிமை உண்டு. சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பிள்ளைகள் வசதியாக இருந்தும் கவனிக்காவிட்டால், 2007ஆம் வருடச் சட்டப்படி ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை. எங்கே போவது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567ஐக் கூப்பிடலாம்.

சத்து மாவு டின்னை வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிற பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று: லேபிளில் 100 கிராமுக்குப் புரதம் எத்தனை, சர்க்கரை எத்தனை என்று பாருங்கள். பல டின்களில் சர்க்கரைதான் முந்தி நிற்கும். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் போட்டாலே விஷயம் விளங்கிவிடும். சிறுநீரகக் கோளாறோ பல வருட சர்க்கரை நோயோ இருப்பவர்கள் மட்டும், புரதத்தைக் கூட்டும் முன் அரசு ஆஸ்பத்திரியில் கிரியாட்டினின் பரிசோதித்து டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.