உங்களுக்குத் தெரியுமா? ஆற்றோரமும் கடலடியும்

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஓடும் அதே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், சற்று உள்ளே தள்ளி அரிக்கமேடு இருக்கிறது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானிய உலகத்தோடு வணிகம் செய்த துறை அது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே ஆற்றோரம் அகழ்ந்தபோது நீண்டதொரு செங்கல் கட்டடம் வெளிப்பட்டது. பண்டகசாலை என்று அவர் கருதினார். மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போரா சாடிகளின் துண்டுகளும் இத்தாலிய மட்கல ஓடுகளும் கிடைத்தன. கரையோரச் சுவர்களில் ஒரு பகுதியை ஆறே அரித்துத் தின்றுவிட்டது.

இதைவிடப் பழைய துறைகள் கடலுக்கு அடியில் உண்டா? தமிழகத்தில் இந்தக் கேள்வி பூம்புகாரைச் சுற்றியே வருகிறது. அங்கே கீழையூரில், 1960களில், மரத்தூண்களோடு கூடிய செங்கல் படகுத்துறை தரையிலேயே அகழ்ந்தெடுக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவ அமைப்பு ஒன்றைக் கண்டார்கள்.

பனியூழி உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைய மட்டத்தைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பிறகு பனி உருக உருகக் கடல் உயர்ந்தது. 23 மீட்டர் ஆழத் தரை மூழ்கி ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்று இதைக்கொண்டு சிலர் கணக்கிடுகிறார்கள். ஆழம் தரை மூழ்கிய காலத்தைத்தான் சொல்லும். அதன்மேல் மனிதக் கை பட்டதா என்பதற்குப் பானை ஓடோ கரித்துண்டோ வேண்டும். அந்த லாடத்தை முறையாக அகழ்ந்து பார்ப்பது மிக அவசியம்.