இலாபத்திற்கு உறுதி கூறுவோர்

வட்டி வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை என்று பேணுதலாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். சேமித்த பணத்தை வங்கியில் வட்டிக்குப் போட்டுவைக்க அவர்களுடைய மனம் ஒப்புவதில்லை. அந்தப் பேணுதலையே குறிவைத்துச் சிலர் வலை விரிக்கின்றனர் என்பது வேதனைக்குரியது.

பெங்களூரில் இயங்கிவந்த ஐ.எம்.ஏ. நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். வட்டியில்லா முதலீடு, மாதந்தோறும் இலாபப் பங்கு என்று அது அழைத்தது. பளபளக்கும் நகைக்கடையும் இருந்தது. 2019 ஜூனில் அதன் தலைவர் நாட்டை விட்டு வெளியேறினார். மறுமாதம் தில்லியில் கைது செய்யப்பட்டார். திரட்டப்பட்ட தொகை சுமார் 4,000 கோடி ரூபாய் என்றனர் புலனாய்வாளர்கள். பணத்தைப் பறிகொடுத்துக் காவல் நிலைய வாயிலில் நின்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் திருமணத்திற்கெனவும் ஹஜ்ஜுக்கெனவும் சேர்த்த பணம் அது!

நம் மார்க்கச் சட்டத்தில் 'முளாரபா' என்றொரு கூட்டு வாணிபம் உண்டு. ஒருவர் முதல் இடுவார், மற்றவர் உழைப்பார். இலாபம் கிடைத்தால் முன்னரே பேசிக்கொண்ட விகிதப்படி பிரித்துக்கொள்வர். உழைத்தவர் தவறிழைக்காத நிலையில் நட்டம் நேர்ந்தால், முதல் இட்டவர் பணத்தை இழப்பார். உழைத்தவர் உழைப்பை இழப்பார். அப்படியிருக்க, "நட்டமே வராது, இலட்சத்துக்கு மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று ஒருவர் சொன்னால் அது எப்படி முளாரபா ஆகும்? வட்டிக்கு வேறு பெயர் சூட்டியிருக்கிறார். அல்லது இன்று சேர்பவரின் பணத்தை எடுத்து நேற்றுச் சேர்ந்தவருக்கு இலாபமென்று கொடுக்கிறார். புதியவர்கள் வருவது குறைந்த அன்றே இந்த இரண்டாவது வித்தை அம்பலமாகிவிடும். "எனக்கு மூன்று மாதமாகச் சரியாக வருகிறதே" என்று மைத்துனர் சொல்வது சான்றாகாது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலொன்றின் உள்ளே கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம் இருந்தது. தாங்களும் அவ்வாறே கைவிட்டுப் பாருங்கள். பொதுமக்களிடம் பணம் திரட்ட ரிசர்வ் வங்கியிடமோ செபியிடமோ பதிவு உண்டா? தணிக்கை செய்த கணக்கு எங்கே? தவணைக் கடனை எழுதி வைத்துச் சாட்சியும் ஏற்படுத்துமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது. எழுதித் தரத் தயங்குபவர் தாடி வைத்திருப்பதும், பள்ளிவாசலுக்கு நன்கொடை தந்திருப்பதும் வேறு விஷயம்.

தொலைபேசி வழியாக வருவோர் இன்னும் அவசரக்காரர்கள். கணவர் வளைகுடாவில் இருக்க, வீட்டில் தனித்திருக்கும் பெண்மணியை அழைத்து, "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று காவல் உடையில் காணொளியில் மிரட்டுவர். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லவே இல்லை. அழைப்பைத் துண்டியுங்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள். இன்னொரு செய்தி: யு.பி.ஐ. மூலம் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. கேட்கிறார்களெனில், பணம் உங்களிடமிருந்துதான் போகப்போகிறது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சில மணி நேரத்திற்குள் சொன்னால் பணம் கைமாறுமுன் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. முதலீட்டு நிறுவனமொன்று ஏமாற்றியிருந்தால், தமிழகத்தில் பொருளாதாரக் குற்றப் பிரிவிடம் இரசீதுகளுடன் புகார் கொடுங்கள். 1997-ஆம் ஆண்டின் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, அந்நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, தனி நீதிமன்றத்தின் வாயிலாகப் பணம் இழந்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வழியுண்டு.