நெகட்டிவில் இருக்கும் நம் குடும்பப் படங்கள்

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல், கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது வீடுகளின் அல்பங்களையும் கொண்டுபோனது. எங்கள் மாமியின் கல்யாணப் படங்களும் அப்படித்தான் போயின. நெகட்டிவ்கள் மட்டும் சம்மாந்துறையில் உம்மம்மாவின் பெட்டிக்குள் தப்பியிருந்தன. கடையில் கொடுத்தால் ஸ்கேன் செய்து தருவார்கள்தான். ஆனால், முக்காடில்லாமல் வீட்டுக்குள் எடுத்த படங்கள் பிறர் கணினியில் ஏறுவதை மாமி விரும்பவில்லை. ஒருமுறை ஏறிய படம் பிறகு எங்கெங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்? இந்தத் தயக்கம் உள்ள வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடிதம் வைக்கும் சாதாரண ஸ்கேனர் தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிக்கிறது. நெகட்டிவுக்கு ஒளி ஊடுருவிப் போகவேண்டும். அதற்கென்றே 1990களில் நிக்கொன் கம்பனி ‘கூல்ஸ்கேன்’ என்ற கருவியைச் செய்தது. அதில் ஒரு வகை, சிடி டிரைவ் பூட்டும் 5.25 அங்குல இடத்திலேயே கணினிக்குள் அமர்ந்துவிடும். காக்காவுக்கு அது ஒரு பழைய கணினியோடு கிடைத்தது.

பூட்டுமுன் மின்வயரைக் கழற்றி, கணினியின் இரும்புக் கூட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். இந்த ஸ்கேனர் ‘ஸ்கசி’ என்ற அட்டை வழியாகவே பேசும். அந்த வயரில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 0 முதல் 7 வரை தனி எண் வேண்டும். 7 வழக்கமாக அட்டைக்குரியது. ஸ்கேனருக்கு 4 அல்லது 5 கொடுக்கலாம்; இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் இருந்தால் எதுவும் ஒழுங்காக இயங்காது. வயரின் இரு முனைகளிலும் மட்டும் ‘டெர்மினேட்டர்’ இருக்கவேண்டும். கணினி எழும்பும்போது அட்டை தன்னோடு இணைந்தவற்றைத் திரையில் காட்டும். அங்கே ஸ்கேனரின் பெயர் வராவிட்டால் விண்டோஸில் தேடிப் பயனில்லை. திரும்பவும் வயரையும் எண்ணையும் பாருங்கள்.

புதிய கணினிகளில் இந்த அட்டைக்குரிய துளையே இருப்பதில்லை. ஆகவே பழைய கணினியை இதற்கென்றே ஒதுக்கி, இணையம் கொடுக்காமல் வைப்பது நல்லது. மாமி கேட்டதும் அதைத்தானே!

மென்பொருளில் முதலில் ‘நெகட்டிவ்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் பிலிமின் செம்மஞ்சள் நிறமே படமாக வரும். நுணுக்கத்தை உச்ச அளவான 2700 டிபிஐயில் வையுங்கள். ஒரு படம் ஏறத்தாழ 28 எம்பி வரும். 36 படச் சுருளுக்கு 1 ஜிபி போதும். மினுக்கமில்லாத பக்கம் மாறிவிட்டால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பும். படத்தில் பெயர்ப்பலகையோ மணிக்கூடோ இருந்தால் உடனே தெரியும்.

பிலிமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். தூசியை ஊதுபந்தால் ஊதுங்கள்; சாரன் நுனியால் துடைக்கவேண்டாம், கீறல் விழும். நம் கரையோர ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிப்பதால், வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். படங்களை இரண்டு பென்டிரைவில் பதிந்து, ஒன்றை வீட்டிலும் மற்றதைக் கரையைவிட்டுத் தள்ளியுள்ள உறவினர் வீட்டிலும் வைக்கவேண்டும்.