வேஷம் மாற்றிய பேதிக்கிருமி

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையின் உச்சியில் ஜோதி தோன்றும் கணத்துக்காக லட்சக்கணக்கான ஜனங்கள் கூடி, 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து, வழியில் கிடைத்த நீரைப் பருகி, கிடைத்த அன்னத்தை உண்டு ஊர் திரும்புகிறார்கள். இத்தகைய க்ஷேத்திரங்களுக்கு வாந்திபேதியும் கூடவே யாத்திரை வரும் என்ற பயம் நம் முன்னோர்களுக்கு இருந்தது. திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குக் காலரா ஊசி போட்ட காலத்தை வயோதிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நோயின் கிருமியை இனம் காண்பதில் நம் சென்னையும், அண்ணாமலைக்கு அயலூரான வேலூரும் முன்னின்று கண்ட ஒரு சம்பவம் உண்டு.

விப்ரியோ காலரே என்னும் அக்கிருமியை, அதன் மேற்புறத்திலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் அமைப்பைக் கொண்டு பல வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1992 வரை தெரிந்திருந்த 138 வகுப்புகளில் கொள்ளைநோயாகப் பரவ வல்லது ஓ-1 ஒன்றே என்பது வைத்திய சாஸ்திரத்தின் உறுதியான நம்பிக்கை. ஆகவே நோயாளியின் மலத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமியை ஓ-1க்குரிய ஆன்டிசீரத்தோடு கண்ணாடித் தகட்டில் கலந்து, அது திரிதிரியாகத் திரண்டால் கொள்ளைநோய்க் காலரா, திரளாவிட்டால் அன்று என்று தீர்ப்புச் சொல்லிவந்தார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில் சென்னையில், கழுநீர் போன்ற பேதியும் நாடி ஒடுங்குதலுமாக, அசல் காலராவின் சகல லக்ஷணங்களோடும் நோயாளிகள் வந்து விழ, தகட்டிலோ கிருமி திரளவே இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் இந்த விபரீத மாறுதலைக் கண்டு 1993-இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். அதற்குள் அது கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டிவிட்டது. பழைய காலராவில் தேறி எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. ஆராய்ந்தபோது, எல் டோர் என்ற பழைய ஓ-1 கிருமியே, விஷத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, மேற்போர்வையைக் களைந்து வேறொன்றைப் போர்த்திக்கொண்டிருப்பது தெரிந்தது. 139-ஆம் வகுப்பாகிய அதற்கு 'பெங்கால்' என்று பெயரிட்டார்கள்.

புதிய வேஷத்தைக் கண்டறியப் புதிய சாதனம் வேண்டும். முயலுக்குக் கிருமியை ஏற்றி எடுக்கும் ஆன்டிசீரத்தில், கிருமியைப் பற்றும் ஆன்டிபாடிகள் பலவகை கலந்திருப்பதால், சில சமயம் அது அயல் கிருமியையும் பற்றிக்கொள்ளும். இக்குறைக்குப் பரிகாரம் 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவரால் பிறந்திருந்தது. நோய்ப்பொருள் ஏற்றிய சுண்டெலியின் மண்ணீரல் அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரப்பவை, ஆனால் அற்பாயுள் உடையவை. அவற்றை, மடியாமல் பெருகும் புற்றணுக்களோடு இணைத்தால் இரண்டின் குணமும் கூடிய கலப்பணு உண்டாகிறது. அதன் சந்ததி முழுதும் ஒரே ஆன்டிபாடியையே சுரக்கும். இதுவே மானோகுளோனல் ஆன்டிபாடி. 1984-இல் நோபல் பரிசு பெற்ற இம்முறைக்குக் காப்புரிமை வாங்கப்படவில்லை என்பது, ஏழை தேசங்களின் ஆய்வுக்கூடங்களுக்கு வாய்த்த பெரும் பாக்கியம் என்றே எண்ணுகிறேன்.

கல்கத்தாவின் தேசிய காலரா ஆய்வு நிலையத்தில் ராமமூர்த்தி, பாலகிருஷ்ண நாயர் முதலியோர் ஜப்பானிய, அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து, ஓ-139ஐப் பற்றும் ஆன்டிபாடிகள் பலவற்றைத் தயாரித்து 1994-இல் வெளியிட்டார்கள். கலப்பணுக்களை உண்டாக்குவதைவிட, அவற்றுள் வேண்டாதவற்றைத் தள்ளுவதே இதில் பெரும்பாடு. அவை சுரக்கும் ஒவ்வோர் ஆன்டிபாடியையும் ஓ-139 மீதும், ஓ-1 மீதும், மற்ற கிருமிகள் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும்; அதிலும் ஓ-22 என்ற வகுப்பின் சர்க்கரை ஓ-139இன் சர்க்கரையோடு சகோதர உறவு கொண்டதாகையால், பிரித்தறிய மிகுந்த பொறுமை வேண்டும். இவ்வகை ஆன்டிபாடிகள் பதித்த சிறு பட்டையை மலக்கரைசலில் நனைத்தால், ஓ-1க்கு ஒரு கோடு, ஓ-139க்கு ஒரு கோடு என்று, ஆய்வுக்கூடம் இல்லாத ஊரிலும் சில நிமிஷங்களில் குறிப்புத் தெரிகிறது. கிருமியை வளர்த்து உறுதிசெய்வது பின்னர்.

ஓ-139 இப்போது பெரிதும் ஒடுங்கிவிட்டது. எல் டோர் ஒடுங்கவில்லை. ஆகவே கிரிவலம் போய்வந்து கடும் பேதி கண்டவர்கள், உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே பருகத் தொடங்கி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று, மாத்திரைகளை வாயில் போடுமுன் பரிசோதனைக்குரிய மாதிரியைக் கொடுங்கள்.