குதிரை எத்தனை? இழுவை எவ்வளவு?

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தவர்களுக்குக் காற்று இன்னதென்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கேயிருந்து வரும் பருவக் காற்று மலைகளுக்கு நடுவில் அகப்பட்டுக் கொண்டு, வேறு வழி காணாமல் அந்த இடைவெளியில் புகுந்து, முப்பந்தல் பக்கமாகச் சீறிப் பாய்கிறது. அங்கே காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் நின்று சுழல்வது இந்தக் காற்றை நம்பித்தான்.

சென்ற ஆடியில் நாம் ஒரு புல்லட் வண்டியில் நாகர்கோவிலிலிருந்து வள்ளியூருக்குப் போய் இரவு தங்கி, விடியற்காலையில் திரும்பினோம். போகும்போது காற்று முதுகைத் தள்ளிற்று, வண்டி பறந்தது. திரும்பும்போதோ யாரோ மார்பில் கையை வைத்து நிறுத்துவது போலிருந்தது. நமக்கு முன்னால் ஒரு பெரியவர் மொபெட்டில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்க் கொண்டிருந்தார். பின்னால் இரண்டு பெரிய மூட்டை பிச்சிப் பூ. மூட்டையின் கனம் சொற்பந்தான். ஆனால் பருமன் பாய்மரத்தைப் போல. ஆக்ஸிலேட்டரை அடிவரை முறுக்கியிருந்தும் வண்டி ஊர்ந்தது. விடிந்து நேரமாகிவிட்டால் பூவின் விலை இறங்கி விடும் என்பது தெரிந்தவர்களுக்கு, அவருடைய முகத்தில் இருந்த கவலையின் காரணம் விளங்கும்.

சந்தையருகே தேநீர்க் கடையில் அவரோடு பேச்சுக் கொடுத்தோம். அவருடைய மகன் கடன் வாங்கி, மொபெட்டைப் போல நாலு மடங்கு சக்தியுள்ள ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வீட்டில் நிறுத்தியிருக்கிறானாம். "பிறகு ஏன் இந்த மொபெட்?" என்று கேட்டோம்.

"ஓட்டத்துக்கு அது சரிதான் சார். சொமைன்னா இது மாதிரி வராது. பய கேக்கணுமே!" என்றார் அவர்.

தகப்பன் சொல்வது சரியா, மகன் சொல்வது சரியா? இந்த வழக்கு இன்று அநேகமாக வண்டி வாங்கும் ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிறது. ஆகையால் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

செக்கை நினைத்துக் கொள்ளுங்கள். மாடு நுகத்தடியில் தள்ளுகிறதே, அந்தத் தள்ளலும் தடியின் நீளமும் சேர்ந்து உலக்கையைத் திருகுகின்றன. அந்தத் திருகலுக்குத்தான் முறுக்கு விசை என்று பெயர். ஓட்டுகிறவர்கள் வழக்கில் அது 'இழுவை'. மாடு நின்று கொண்டே தள்ளினாலும் முறுக்கு விசை உண்டு. ஆனால் எண்ணெய் வராது. ஒரு நிமிஷத்தில் எத்தனை சுற்று வருகிறது என்பதையும் அதோடு பெருக்கினால் கிடைப்பது சக்தி. ஜேம்ஸ் வாட் தம்முடைய நீராவி யந்திரத்தைக் குதிரையோடு ஒப்பிட்டுக் காட்டுவதற்காக வகுத்த அளவு குதிரைச் சக்தி. அது ஏறக்குறைய 746 வாட். யந்திர சாஸ்திரத்தில் கணக்கு இன்னும் சுருக்கம்: முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் எடுத்துக் கொண்டு, நிமிஷச் சுற்றால் பெருக்கி, 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வந்து விடும்.

இந்தக் கணக்கை அறிந்தவர்களை விளம்பரம் ஏமாற்ற முடியாது. ஏனென்றால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைச் சக்தி. அது எத்தனையாவது சுற்றில் கிடைக்கிறது என்பது பொடி எழுத்தில் இருக்கும்.

பெரியவருடைய மொபெட் டி.வி.எஸ். எக்ஸெல் 100. ஓசூரில் 1980-ல் டி.வி.எஸ். 50 என்று பிறந்த வம்சத்தின் பேரப்பிள்ளை. 99.7 சி.சி. யந்திரம், 6,000 சுற்றில் 4.3 குதிரைச் சக்தி. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதே அளவுள்ள ஹீரோ ஸ்ப்ளெண்டர் 8,000 சுற்றில் ஏறத்தாழ 8 குதிரைச் சக்தி தருகிறது. ஆனால் பொடி எழுத்தைப் பாருங்கள். ஸ்ப்ளெண்டரின் உச்ச இழுவையாகிய 8.05 நியூட்டன் மீட்டர் 6,000 சுற்றில் வருகிறது, மொபெட்டின் 6.5 நியூட்டன் மீட்டர் 3,500 சுற்றிலேயே வந்து விடுகிறது. கணக்குப் போட்டால், 3,500 சுற்றில் மொபெட் தன்னுடைய முழுச் சக்தியில் முக்கால் பங்கைக் கொடுத்து விடுகிறது. கியர் என்பதே இல்லாத வண்டிக்கு இப்படித்தான் இருந்தாக வேண்டும். கியர் உள்ள வண்டி கீழ்க் கியருக்கு இறங்கி, சுற்றை ஏற்றிக் கொண்டு சுமையைக் கிளப்பும். மொபெட்டுக்கு உள்ளது ஒரே படி. சுற்று ஏறும்போது தானாகப் பற்றிக் கொள்ளும் கிளச் ஒன்றுதான் அதற்குத் துணை.

வண்டியும் ஆளும் நூறு கிலோ உரமும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக் கொள்வோம். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் ஏற எவ்வளவு சக்தி வேண்டும்? ஒன்றரைக் கிலோவாட்டுக்குச் சற்று அதிகம். அதாவது 2 குதிரைச் சக்திதான். நாலு குதிரை மொபெட்டில் அது தாராளமாக இருக்கிறது. வேண்டியது அந்த இரண்டு குதிரையும் மெதுவான ஓட்டத்தில் கிடைப்பது, அவ்வளவே. சரக்கு வைக்கக் காலடியில் தட்டையான இடம் இருப்பது வேறு சௌகரியம். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் ஷீட்டும், நாகர்கோவில் அப்டா சந்தைக்கு ஏத்தன் குலையும் மொபெட்டில் போவதை இந்த ஜில்லாவில் தினமும் பார்க்கலாம்.

நம்முடைய புல்லட்டின் வம்சத்தையும் பார்க்கலாம். திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய தொழில் அது. இன்றைய கிளாஸிக் 350 யந்திரத்தில் சிலிண்டரின் குறுக்களவு 72 மில்லி மீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8. ஒல்லியான, நெட்டையான யந்திரம். 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர். 6,100 சுற்றில் 20 குதிரைச் சக்தி. இதற்கு நேர் எதிர் 373 சி.சி. கே.டி.எம். டியூக்: குறுக்களவு 89, தூரம் 60. குட்டையான, தடித்த யந்திரம். 9,000 சுற்றில் 43 குதிரைச் சக்தி! ஒன்று தூங்குமூஞ்சி, மற்றது சூரப்புலி என்றுதான் தோன்றும். ஆனால் உச்ச சக்தியில் இரண்டின் பிஸ்டன்களும் ஓடும் வேகத்தைக் கணக்கிட்டால், கிளாஸிக்கில் வினாடிக்குச் சுமார் பதினேழரை மீட்டர், டியூக்கில் பதினெட்டு. ஏறக்குறைய ஒன்றே! குட்டையான யந்திரம் சிறு அடியாக வைத்து அதிக நடை நடக்கிறது. நெட்டையானது நீட்டி அடி வைக்கிறது. டியூக்கின் சக்தியில் பெரும் பகுதி அந்த அதிக நடையின் பலன்; மீதி, காற்றை நிறைய உள்ளே வாங்கும் சாமர்த்தியம்.

இனிப் பெட்ரோல் விஷயம். குடும்பத்துக்கு முக்கியமானது இதுதான்.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக் குழாய் வழியாகப் போகிறது. இன்னொரு பெரும் பங்கு யந்திரத்தைச் சுட வைத்து வீணாகிறது. போதாக் குறைக்கு, பெரிய யந்திரத்தை மெதுவாக ஓட்டும்போது காற்று வாயில் பாதி மூடிக் கிடக்கிறது. மூக்கைப் பிடித்துக் கொண்டு மூச்சு வாங்குவது போலப் பிஸ்டன் திணறுகிறது. அந்தத் திணறலுக்கும் பெட்ரோல் செலவு. சின்ன யந்திரம் வாயைத் திறந்து மூச்சு விட்டு வேலை செய்வதால் அதே வேலைக்குச் செலவு குறைவு. தினம் 60 கிலோ மீட்டர் ஓடும் ஒருவருக்கு லிட்டருக்கு 55 கிலோ மீட்டர் தரும் வண்டிக்கும் 40 தரும் வண்டிக்கும், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 26 நாள் மாதத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். பூக்காரர் வீட்டில் ஆயிரம் ரூபாய் சிறிய தொகையல்ல.

சின்ன யந்திரத்தின் சிக்கனமும் வேண்டும், பெரிய யந்திரத்தின் இழுவையும் வேண்டும் என்ற பேராசையிலிருந்து பிறந்ததுதான் டர்போ. வீணாகும் புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் திணிப்பது இதன் தத்துவம். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூஹி என்ற என்ஜினீயர் 1905-லேயே இதற்கு உரிமை பெற்றார். அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இதற்கு நம் மாகாணத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. சென்னைக்கு அடுத்த ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மாக்னைட் கார் 2020-ல் வந்தபோது, ஒரே 999 சி.சி. அளவில் இரு யந்திரங்களோடு வந்தது. டர்போ இல்லாததில் 72 குதிரைச் சக்தி, 96 நியூட்டன் மீட்டர். டர்போ உள்ளதில் 100 குதிரைச் சக்தி, 160 நியூட்டன் மீட்டர். அதுவும் 2,800 சுற்றிலேயே. பரிசோதனைச் சாலைக் கணக்கில் முன்னது லிட்டருக்கு 18.75 கிலோ மீட்டர், பின்னது 20. சக்தியும் கூடி, சிக்கனமும் கூடுவதா? பரிசோதனைச் சாலையில் கூடும். ஏனென்றால் அங்கே காலை மெதுவாக வைத்து ஓட்டுகிறார்கள். பாதத்தை அழுத்தி டர்போவை முழு வேலை வாங்கினால் கதை வேறு. அமுக்கிய காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோல் ஊற்ற வேண்டும். அதிக உஷ்ணத்தில் சிலிண்டர் தட்டாமல் இருப்பதற்காகக் குளிர்ச்சிக்கென்றே மேலும் கொஞ்சம் ஊற்ற வேண்டியும் வரும். சிக்கனம் இருப்பது சிலிண்டரில் பாதி, ஓட்டுகிறவர் பாதத்தில் பாதி. டர்போ கார் வைத்திருப்பவர்கள், நெடுந்தூரம் விரட்டி வந்தவுடன் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டால் அந்தக் குட்டிச் சக்கரத்தின் ஆயுள் கூடும்.

அப்படியானால் மோட்டார் சைக்கிளுக்கு ஏன் டர்போ இல்லை? வைத்துப் பார்த்து விட்டார்கள். 1982-ல் ஹோண்டா கம்பெனி சி.எக்ஸ். 500 டர்போ என்று ஒன்றை வெளியிட்டது. யமாஹா, சுஸுகி, கவாஸாகி மூன்றும் பின்தொடர்ந்தன. சில வருஷங்களில் எல்லாம் மறைந்தன. ஆக்ஸிலேட்டரை முறுக்கிய பிறகு டர்போ விழித்துக் கொள்ளக் கொஞ்ச நேரமாகும். நாலு சக்கரக் காரில் அந்தத் தாமதம் வெறும் எரிச்சல். வளைவில் சாய்ந்து திரும்பும் இரு சக்கர வண்டியில், கேளாத நேரத்தில் சக்தி திடீரென்று பாய்வது ஆபத்து. சிறிய யந்திரத்தில் புகையும் குறைவு, அதுவும் விட்டு விட்டு வருகிறது. சூடு தணிக்கும் குழாய்களை வைக்க இடமும் இல்லை, விலையும் ஏறும். இழுவையும் மைலேஜும் வேண்டியவர்களுக்காகத் திருவொற்றியூரார் டீஸல் புல்லட்டே செய்து விற்றார்கள். 325 சி.சி.; ஆறரைக் குதிரை. சத்தத்தில் ஊர் எழுந்து விடும். ஆனாலும் அதன் மேல் பிரியம் வைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மறுபடியும் கணவாய்க்கு வருவோம். பெரியவர் வழக்கில் ஒரு பகுதியில் அவர் தோற்றுத்தான் ஆக வேண்டும். மணிக்கு 50 கிலோ மீட்டரில் போகும் வண்டிக்கு எதிரே 30 கிலோ மீட்டர் காற்று அடித்தால், முகத்தில் மோதுவது 80. காற்றின் தடை வேகத்தின் வர்க்கப்படி ஏறுவதால், அது இரண்டரை மடங்காகிறது. அதே காற்று முதுகில் அடித்தால் தடை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். காற்றில்லாத நாளில் காற்றுத் தடைக்கு மட்டும் சுமார் 1 கிலோவாட் செலவாகும் இடத்தில் ஆடிக் காற்றில் இரண்டரை. மொபெட்டிடம் இருப்பது மொத்தம் 3.2. பூ மூட்டையின் பருமனையும் சேர்த்தால் கையிருப்பு தீர்ந்தது. இங்கே வேண்டியது இழுவையல்ல, குதிரை. அது மகனுடைய வண்டியில் இருக்கிறது.

இதை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினோம். பெரியவர் கணக்கை நம்பினாரோ, நம்முடைய புல்லட்டை நம்பினாரோ தெரியாது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். இந்த வருஷம் ஆனியில் அந்த வழியாகப் போனபோது, பூ மூட்டைகளைக் கட்டிக் கொண்டு மகன் காற்றை எதிர்த்து வந்து கொண்டிருந்தான். தேநீர்க் கடை வாசலில் மொபெட்டும் நின்றது. காலடித் தட்டில் ஒரு மூட்டை உரம், பின்னால் இன்னொரு மூட்டை. பெரியவர் கிழக்கே திரும்பிப் போகப் புறப்பட்டுக் கொண்டிருந்தார். காற்று அவருக்குப் பின்னால் இருந்தது.