வண்டியின் நாடி பார்க்கும் கருவி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

உடம்புக்கு நோய் வந்தால் வைத்தியர் முதலில் நாடி பார்க்கிறார். பிறகே மருந்து தருகிறார். வண்டிக்கு நோய் வந்தாலோ, நாடி பார்க்காமலே நாம் பேட்டரியை மாற்றி விடுகிறோம். அப்படி மாற்றிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

என் தந்தையார் பழைய டீசல் வேன் ஒன்றில் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் பிழைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற மழைக்காலத்தில், விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் ‘செல்ஃப்’ முனகுமே தவிர எஞ்சின் கிளம்பாது. பேட்டரி போய்விட்டது என்றார்கள். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. புதுப் பேட்டரி வீட்டுக்கு வந்தது. மூன்றே வாரத்தில் பழைய முனகல் திரும்பியது. இருட்டில் அப்பாவோடு சேர்ந்து வண்டியைத் தள்ளும்போது, இயற்பியல் படித்து என்ன பயன் என்று எனக்கே வெட்கமாயிருந்தது.

பேராசிரியரிடம் அனுமதி பெற்று, ஆய்வகத்து டிஜிட்டல் மல்டிமீட்டரை ஒரு ஞாயிறன்று வீட்டுக்கு எடுத்துச் சென்றேன்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

வோல்ட்மீட்டர், அம்மீட்டர், ஓம்மீட்டர் மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கியதே மல்டிமீட்டர். பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்டு மெக்காடி உருவாக்கிய இத்தகைய கருவி, 1923-இல் ‘ஆவோமீட்டர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

வண்டி வேலைக்கு மீட்டர் வாங்குவோர் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வோல்ட் அளவில் அதன் உள்தடை 10 மெகா ஓம் இருப்பது நல்லது. உள்தடை குறைந்த மீட்டர் தானே மின்னோட்டத்தை இழுத்து அளவைக் கெடுத்துவிடும். பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்ப் விளக்குச் சுற்றுகளுக்கு ஏற்றதே. ஆனால் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுச் சுற்றுகளில் அதை வைத்தால் அவை பழுதாகக் கூடும். இரண்டாவது, நேர்மின்னோட்ட 20 வோல்ட் அளவில் இரண்டு தசம இடங்கள் தெரிய வேண்டும். மூன்றாவது, 10 ஆம்பியர் அளவுக்கு உள்ளே ப்யூஸ் இருக்க வேண்டும். நான்காவது, கிளாம்ப் மீட்டர் வாங்கினால் அது நேர்மின்னோட்டத்தையும் அளக்குமா என்று கேட்க வேண்டும். சாதாரணக் கிளாம்ப் மாறுமின்னோட்டத்தை மட்டுமே காட்டும்.

அளக்கும் முறை

12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. வண்டி சில மணி நேரம் ஓய்ந்து நின்ற பின் 12.6 வோல்ட் காட்டினால் அது முழுமையாகச் சார்ஜ் ஆகியிருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் குறையலாகாது.

வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும், அம்மீட்டரைத் தொடரிணைப்பிலும் சேர்க்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே. அம்மீட்டர் அளவில் வைத்து நேரே பேட்டரியின் இரு முனைகளைத் தொட்டால் அது குறுக்குச் சுற்று, ப்யூஸ் போய்விடும். ஓம் அளவை மின்சாரம் பாயும் சுற்றில் பயன்படுத்தக் கூடாது. மின்சாரக் கார்களின் முதன்மைப் பேட்டரியில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருப்பதால், பயிற்சி பெறாதவர் அதன் பக்கமே போகலாகாது.

நான் செய்த பிழை

எங்கள் பேட்டரி 12.6 காட்டியது; சார்ஜும் சரியாக இருந்தது. எஞ்சினுக்குச் செல்லும் எர்த் கேபிளை ஓம் அளவில் சோதித்தேன். 0.3 ஓம் காட்டியது. மீட்டரின் இரு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.3 தான். ஆகவே கேபிளில் குறையில்லை என்று முடிவு கட்டினேன்.

திங்களன்று பேராசிரியரிடம் சொன்னேன். “கேபிள் சும்மா இருக்கும்போது சோதித்தால் எப்படித் தெரியும்? பாரம் இழுக்கும்போது பாருங்கள் தம்பி” என்றார்.

மறு ஞாயிறு, மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்தேன். அப்பா சாவியைத் திருப்பினார். 1.8 வோல்ட்! நல்ல இணைப்பில் அரை வோல்ட்டுகூட வீழக் கூடாது. ஸ்டார்ட்டர் சுமார் 120 ஆம்பியர் இழுத்தது என்று கொண்டால், ஓம் விதிப்படி அந்த இணைப்பின் தடை 1.8 ÷ 120 = 0.015 ஓம். மீட்டர் ஒயரின் தடையில் இருபதில் ஒரு பங்கு! ஓம் அளவில் அது எப்படித் தெரியும்? ஆனால் ஸ்டார்ட்டருக்குச் சேர வேண்டிய 1.8 வோல்ட்டை அதுவே விழுங்கியிருக்கிறது.

போல்ட்டைக் கழற்றினோம். அடியில் துரு. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கினோம். வீழ்ச்சி 0.2 வோல்ட்டாகக் குறைந்தது. எஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பியது. அப்பா சிரிக்கவில்லை. “நல்லா இருந்த பேட்டரிய எடைக்குப் போட்டுட்டமேடா” என்றார்.

தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் ஒரு வண்டியை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. ஆய்வகத்தில் மதிப்பெண்ணுக்காகக் கற்கும் ஓம் விதியை ஒரு முறை வீட்டு வாசலுக்கும் கொண்டு செல்வோம். பொருளை மாற்றும் முன் அளந்து பார்ப்போம். அதுவும், அது வேலை செய்யும்போது அளந்து பார்ப்போம்.